ஆபரேட்டர் அறைக்கு வந்த ஸ்விட்ச்

தேனாம்பேட்டையில் அண்ணா சாலையைப் பார்த்த மாதிரி ஒரு மூன்று மாடிக் கட்டடம். பம்புசெட் தயாரித்து விற்கும் கம்பெனி ஒன்றின் தலைமை அலுவலகம் அது. அதன் தரைத்தளத்தில், மாடிப்படியை ஒட்டிய சின்ன அறையில், நான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். சேர்ந்த புதிதில் கயிறு கயிறாகத் தொங்கும் பழைய போர்டு. அழைப்பு வந்தால் ஒரு கயிற்றை எடுத்து உரியவரின் துளையில் செருக வேண்டும். பிறகு பட்டன் வைத்த போர்டு வந்தது. கைக்கு வேலை குறைந்தது, காதுக்குக் குறையவில்லை. அறுபத்து நான்கு எக்ஸ்டென்ஷன்களும் எனக்கு மனப்பாடம். 'ஹலோ' என்ற ஒரு சொல்லிலேயே பேசுவது யார், எந்த மாடி, இன்றைக்கு யார் மேல் கோபம் என்பது வரை பிடிபட்டுவிடும்.

அதை யாரும் பெரிய திறமையாக நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து, மயிலாப்பூரில் வாழ்க்கைப்பட்டு, எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்தவள் நான். போனில் பேசுவதற்கு வேண்டிய ஆங்கில வாக்கியங்கள் ஏழெட்டு சுத்தமாக வரும். அதற்கு மேல் யாராவது நீட்டிப் பேசினால், "ஒன் மினிட் ப்ளீஸ்" என்று சொல்லி வேறு யாருக்காவது தள்ளிவிடுவேன்.

தொண்ணூற்றேழில் எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வந்தது. அதற்கு முன்பும் கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. இரண்டாவது மாடியில் அடித்த கடிதத்தை ஃப்ளாப்பியில் ஏற்றி, கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி வருவார்கள். இப்போது இருபது கம்ப்யூட்டர்களையும் கேபிளால் இணைக்கப் போகிறோம், எல்லாக் கேபிளும் வந்து சேர ஓர் இடம் வேண்டும் என்றார்கள். கட்டடத்தில் நாள் முழுக்க ஏ.சி. ஓடுகிற, சாவி போட்டுப் பூட்டுகிற அறைகள் இரண்டுதான். ஒன்று முதலாளியுடையது. இன்னொன்று என்னுடையது. டெலிபோன் மெஷின் சூடாகிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏ.சி. அது. எனவே கேபிள்கள் வந்து சேரும் பெட்டி என் அறைக்கு வந்தது.

தி.நகரில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் என்ஜினியர் வந்து மாட்டினாள். இருபத்தைந்து வயது இருக்கும். சுடிதார், தோளில் ஒரு கான்வாஸ் பை, பைக்குள் இடுக்கிகள். அவள் வேலை முடித்துக் கிளம்பியதும் எங்கள் மேனேஜர் வந்து பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், முதலாளிக்கு உறவு, எதையும் நேராகச் சொல்கிறவர்.

"ஆபரேட்டர், இது ரொம்ப வெல கூடுன சாமான். நீங்க இதுல கை வச்சிராதீங்க. தூசி தட்டக்கூட வேண்டாம்" என்றார்.

நான் கை வைக்கவில்லை. ஆனால் பார்க்காமல் இருக்க முடியாது. பெட்டி என் முகத்துக்கு நேரே சுவரில் இருந்தது. அதன் பெயர் ஹப் என்று சொன்னார்கள். முன்பக்கம் இருபத்து நான்கு துளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை விளக்கு. ஓரத்தில் தனியாக ஒரு ஆரஞ்சு விளக்கு. அதன் கீழே ஆங்கிலத்தில் மூன்று எழுத்து: சி, ஓ, எல். 'கால்' என்பதைத்தான் சுருக்கி எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் முழுக்க, அந்த ஆரஞ்சு விளக்கு மின்னும்போதெல்லாம் திரும்பி என் டெலிபோன் போர்டைப் பார்ப்பேன். ஒரு அழைப்பும் வந்திருக்காது.

இரண்டாவது வாரம் தொல்லை ஆரம்பித்தது. எங்கள் அலுவலகத்தில் எதற்கும் ஒன்பதை அழுத்துவதுதான் பழக்கம். ஒன்பது என்றால் ஆபரேட்டர். ட்யூப்லைட் எரியவில்லையா, ஒன்பது. குடிதண்ணீர் கேன் காலியா, ஒன்பது. இப்போது கம்ப்யூட்டர் நின்றாலும் ஒன்பது.

முதல் மாடியில் கடிதப் பிரிவுக்கு ஒரு சூப்பரின்டெண்டென்ட் இருந்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவர்தான் தினமும் முதல் ஆள்.

"ஏம்மா, கார்த்தாலேர்ந்து இந்த மெஷின் தூங்கிண்டே இருக்கு. லெட்டரை அனுப்பினேன், போச்சா போகலையான்னே தெரியலை. கொஞ்சம் பாரேன்."

"சார், நான் டெலிபோன் பாக்குறவ. எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது."

"பொட்டி உன் ரூம்லதானே இருக்கு?"

தி.நகருக்குப் போன் போட்டேன். அந்த என்ஜினியர் பெண்தான் எடுத்தாள்.

"எந்த போர்ட் மேடம்? லிங்க் லைட் எரியுதா?"

"போர்டுன்னா, நம்ம டெலிபோன் போர்டா?"

"இல்ல மேடம், ஹப்ல கேபிள் சொருகியிருக்குல்ல, அந்த ஓட்டை. ஒவ்வொண்ணும் ஒரு போர்ட்."

"பச்சை லைட் நிறைய எரியுது. ஆனா அந்த ஓரத்து கால் லைட்தான் விடாம மின்னுது. கால் மட்டும் ஒண்ணும் வரலியே?"

அவளுக்குப் பின்னாலிருந்து யாரோ ஓர் ஆண் வாய்விட்டுச் சிரித்தது கேட்டது. பதினைந்து வருடத்துக்கு மேல் பிறர் பேசுவதைக் காதால் மட்டுமே அறிந்து வாழ்ந்தவள் நான். அந்தச் சிரிப்பு எனக்கு எப்படி விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் லஸ் முனை வரை காதில் அதே சிரிப்பு.

மறுநாள் அவள் நேரில் வந்தாள். ஒரு கேபிளின் முனையை மாற்ற வேண்டும் என்று சொல்லி, என் அறைத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கேபிளின் தோலை உரித்தாள். உள்ளே மெல்லிசாக எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி, நிறம் நிறமாக. நான் போர்டிலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பிரிப்பதற்கு முன்பே சொன்னேன்:

"நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெள்ளை ஜோடி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இது எப்படி மேடம் உங்களுக்கு?"

"டெலிபோன் கேபிள்லயும் இதே வரிசைதான், லைன்மேன் பிரிக்கறப்போ பார்த்திருக்கேன். அதுல அஞ்சாவதா சிலேட்டு கலர் ஒண்ணு உண்டு. உங்களுக்கு அது இல்ல போலிருக்கு."

"அப்ப உங்களுக்குப் பாதி தெரியும் மேடம்" என்றாள். உண்மையாகவே சொன்னாள். குரலில் வித்தியாசம் இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, கம்பிகளை வரிசைப்படுத்திக்கொண்டே, "நேத்து சிரிச்சது நான் இல்ல" என்றாள். "நான் முதல் தடவை பார்த்தப்போ அதை இங்கிலீஷ் 'காலம்'னு, பேப்பர்ல வர்ற பத்தின்னு நெனச்சேன். அது கொலிஷன். மோதல்."

"எது மேல எது மோதுது?"

அவள் சொன்னாள். ஹப் என்பது ஒரு கம்ப்யூட்டர் அனுப்புவதை மற்ற எல்லாக் கம்ப்யூட்டருக்கும் கொடுத்துவிடும். யாருக்கு வந்ததோ அது எடுத்துக்கொள்ளும், மற்றவை விட்டுவிடும். இரண்டு கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் கெட்டுவிடும். இரண்டும் சற்று நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து அனுப்பும். எனக்குச் சட்டென்று விளங்கியது. ஒரே லைனில் இருபது பேரை விட்டால் என்ன நடக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அதன் பிறகு அவள் வந்த நாளிலெல்லாம் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்வேன். பழைய ட்ரங்க் கால் நோட்டு ஒன்றில் பின்பக்கத்திலிருந்து எழுதினேன். எந்த போர்ட்டில் எந்த மாடி, யாருடைய மேஜை என்று அவளோடு சேர்ந்தே தேடிக் கண்டுபிடித்து, அந்த நோட்டில் வரிசையாகக் குறித்து, ஒவ்வொரு கேபிளிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினேன். மூன்று மாதத்தில் போன் வந்தால் என் பதில் மாறிவிட்டது.

"சார், உங்க லிங்க் லைட் எரியல. உங்க மெஷினுக்குப் பின்னாடி கேபிள் நழுவியிருக்கும். நல்லா அழுத்திச் சொருகுங்க, டிக்குன்னு சத்தம் கேக்கணும்."

சூப்பரின்டெண்டென்ட் குனிந்து எழுந்த மூச்சு போனில் கேட்டது. "அட, எழுந்துண்டுடுத்து!" என்றார்.

மறு வருடம் ஹப்பைக் கழற்றிவிட்டு ஸ்விட்ச் வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட அதே பெட்டி. என்ன வித்தியாசம் என்று என்ஜினியரிடம் கேட்டேன்.

"இது எல்லாருக்கும் கத்தாது மேடம். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உள்ளேயே ஒரு நம்பர் இருக்கு. எந்த நம்பர் எந்த போர்ட்ல இருக்குன்னு இது தானாவே கவனிச்சு ஞாபகம் வச்சுக்கும். யாருக்கு வருதோ அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும்."

"நான் செய்யற வேலை."

"அதேதான்" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால் மனசுக்குள் ஒரு கலக்கம் இருந்தது. அந்த வருடம்தான் அண்ணா சாலையில் ஒவ்வொரு அலுவலகமாக ஆபரேட்டர்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 'இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும்' என்று பேசும் மெஷின் வந்துவிட்டது. எதிர்க் கட்டடத்தில் இருபது வருடம் வேலை பார்த்த என் தோழி ஒருத்தி, ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்து, "நாளையிலிருந்து நீ கூப்பிட்டா மெஷின்தான் பேசும்டி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஸ்விட்ச்சோடு கூட, பயன்படுத்துகிறவர்களுக்கு என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அடிப்படை வார்த்தைகளுக்கு விளக்கம், முழுக்க ஆங்கிலத்தில். எல்லா மேஜைக்கும் ஒன்று போனது. டீ கிளாஸுக்கு அடியில் நாலைந்தைப் பார்த்தேன். யாரும் படிக்கவில்லை. மறுபடி ஒன்பது, மறுபடி "கம்ப்யூட்டர் போச்சும்மா." எது போனது, எப்படிப் போனது என்று சொல்ல அவர்களிடம் வார்த்தை இல்லை. அந்த இல்லாமை எனக்குத் தெரியும். ஒரு வருடம் முன்பு நானும் அங்கேதான் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சமையல் முடித்துவிட்டு, மகளின் கட்டுரை நோட்டிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்து உட்கார்ந்தேன். பன்னிரண்டு வார்த்தைகள். போர்ட், கேபிள், லிங்க் லைட், ஹப், ஸ்விட்ச், சர்வர், மோதல் என்று போய், கடைசியாக லூப். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, தமிழில். 'சர்வர் என்றால் எல்லோருடைய காகிதங்களையும் வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டர். உங்கள் கம்ப்யூட்டர் வேலை செய்து, பக்கத்து மேஜையிலும் வேலை செய்து, காகிதம் மட்டும் திறக்கவில்லை என்றால் சர்வரைப் பற்றிச் சொல்லுங்கள்.' இப்படி. லூப் என்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை. என்ஜினியர் சொன்னதை அப்படியே எழுதினேன்: 'ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்ச்சுக்குத் திரும்பி வந்தால் அனுப்பியது வட்டமடித்துக்கொண்டே இருக்கும். மொத்த அலுவலகமும் நின்றுவிடும்.'

திங்கட்கிழமை சூப்பரின்டெண்டென்டிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"நன்னாத்தான் எழுதியிருக்கே. ஆனா தமிழ்ல எழுதறேன்னு சொல்லிட்டு போர்ட், ஸ்விட்ச்னு அப்படியே போட்டிருக்கியே. போர்ட்டுன்னா துறை. ஸ்விட்ச்சுக்கு நான் ஒரு வார்த்தை பண்ணித் தரேன்."

"சார், போன்ல என்கிட்ட 'துறை'ன்னு சொன்னா நான் புரிஞ்சுக்குவேன். தி.நகர்ல அந்தப் பொண்ணுகிட்ட சொன்னா?"

"அவ முழிப்பா."

"பொட்டி மேலயும் அந்தப் பேருதான் எழுதியிருக்கு. பேரு அது பாட்டுக்கு இருக்கட்டும் சார். அது என்னன்னு மட்டும் தமிழ்ல இருக்கட்டும்."

அவர் பேனாவை எடுத்து இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தி, திருப்பிக் கொடுத்தார். மதியம் அவரே ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லி, தன் பிரிவில் ஆளுக்கொன்று கொடுத்தது எனக்குப் பிறகு தெரிந்தது. மேனேஜரிடமும் ஒன்று கொடுத்தேன். "அதான் இங்கிலீஷ்லயே ஒண்ணு இருக்கே ஆபரேட்டர்" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கு ஒரு மாதம் கழித்து டீலர்கள் கூட்டம் வந்தது. தென் மாவட்டங்களிலிருந்து டீலர்கள் வருகிறார்கள். மூன்று மணிக்கு இரண்டாம் மாடி மீட்டிங் ஹாலில், எந்த ஊர்க் கிடங்கில் எந்த மோட்டார் இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரிலேயே காட்டப்போகிறார்கள். முதலாளியும் வருகிறார். காலையிலிருந்து மேனேஜர் மாடிக்கும் கீழுக்குமாக அலைந்துகொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு என் போர்டில் ஒரே நேரத்தில் ஒன்பது விளக்கு எரிந்தது. எடுத்தால் எல்லோரும் ஒரே வார்த்தை: நின்னுபோச்சு. திரும்பி ஸ்விட்ச்சைப் பார்த்தேன். அப்படி அதை நான் பார்த்ததே இல்லை. வழக்கமாக விளக்குகள் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று மின்னும். இப்போது இருபதும் சேர்ந்து, ஒரே வேகத்தில், நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தன.

தி.நகருக்கு அடித்தேன். என்ஜினியர் பாண்டிச்சேரி போயிருக்கிறாள், சாயங்காலம்தான் வருவாள் என்றார்கள். பேஜரில் செய்தி போட்டேன். பதில் இல்லை. பேஜருக்கு அவ்வளவு தூரம் எட்டாது என்று பிறகு தெரிந்தது.

எங்கள் கட்டடத்து எலக்ட்ரீஷியன் எட்டிப்பார்த்தார். சிந்தாதிரிப்பேட்டைக்காரர், எங்கள் பேட்டை ஆள், என்னை விட நாலு வயது சின்னவர்.

"இன்னாக்கா இது, லைட்டு எல்லாம் பேய் புட்ச்சா மாரி ஆடிக்கினு கீது?"

மேனேஜர் வியர்த்துப்போய் வந்து நின்றார். "மூணு மணிக்கு முதலாளி வாராங்க. கரென்ட்ட நிறுத்திப் போட்டுப் பாப்பமா?"

நிறுத்திப் போட்டுப் பார்த்தோம். பத்து நொடி நன்றாக இருந்தது. பிறகு மறுபடி அதே துடிப்பு. அப்போதுதான் நான் எழுதிய கடைசி இரண்டு வரி என் கண்முன் வந்தது. மொத்த அலுவலகமும் நின்றுவிடும்.

"சார், நான் இதுல கை வைக்கணும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"என்னன்னு தெரியும்னு நெனைக்கிறேன். எங்கன்னு தேடணும்."

சரி என்று தலையசைத்தார். எலக்ட்ரீஷியனை நோட்டைப் பிடிக்கச் சொல்லி, ஒன்றாம் போர்ட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு கேபிளைப் பிடுங்குவது, விளக்குகளைப் பார்ப்பது, மாறவில்லை என்றால் திரும்பச் செருகுவது. ஒன்று, இரண்டு, மூன்று. கயிற்றுப் போர்டில் பத்து வருடம் செருகிய விரல்கள் என்னுடையவை. பன்னிரண்டு, பதின்மூன்று. மேனேஜர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். பதினேழைப் பிடுங்கினேன். விளக்குகள் அப்படியே அடங்கின. ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று வழக்கம்போல மின்னத் தொடங்கின. நிச்சயம் செய்துகொள்ள மறுபடி செருகினேன். மறுபடி பேய் பிடித்தது. பிடுங்கினேன். அமைதி.

"அக்கா, புட்ச்சிட்டக்கா!" என்றார் எலக்ட்ரீஷியன்.

"பதினேழு என்னன்னு பாருங்க."

நோட்டைப் படித்தார். "ரெண்டாவது மாடி, மீட்டிங் ஹால், ஜன்னலோர சாக்கெட்டு."

மூவரும் மாடியேறினோம். ஜன்னலுக்குக் கீழே சுவரில் அடுத்தடுத்து இரண்டு சாக்கெட்டுகள். இரண்டுமே கீழே என் ஸ்விட்ச்சுக்கு வருபவை, பதினேழும் பதினெட்டும். ஒரு சின்னக் கேபிள், ஒரு முனை இந்தச் சாக்கெட்டிலும், மறு முனை பக்கத்துச் சாக்கெட்டிலும், அழகாக வளைத்துச் செருகப்பட்டிருந்தது. உருவி எடுத்தேன்.

"எவன் வேல இது?" என்று எலக்ட்ரீஷியன் சத்தம் போட்டார்.

நான் மேனேஜரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் மூச்சு இழுத்தது கேட்டது. கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"யாரோ தொங்கிட்டிருக்கேன்னு எடுத்து வச்சிருப்பாங்க. இதுல தப்பு ஒண்ணும் இல்ல, தெரியாம செய்யறதுதான்" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து, பதினேழாம் போர்ட்டில் கேபிளைச் செருகினேன். எல்லா மேஜைக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து, வேலை செய்கிறதா என்று கேட்டேன். செய்தது. மணி பன்னிரண்டே கால்.

கூட்டம் நன்றாக நடந்தது. ஐந்து மணிக்கு, டீலர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருக்கும் நேரம், மேனேஜர் என்னை மாடிக்கு அழைத்தார். போனால் முதலாளி, டீலர்கள், பிரிவு அதிகாரிகள் எல்லோரும் நிற்கிறார்கள்.

"இன்னைக்கு இந்தக் கம்ப்யூட்டர் ஓடுனதுக்கு இவங்கதான் காரணம்" என்றார் மேனேஜர். "காலையில ஹாலை ஒழுங்கு பண்றேன்னு ஒரு கேபிளைத் தூக்கி சொருகி, மொத்த ஆபீசையும் நிறுத்துனது நான். ஒரு வருஷம் முன்ன இந்த மேடத்துகிட்ட, பெட்டிய தொடாதீங்கன்னு சொன்னதும் நான்தான்."

சட்டைப்பையிலிருந்து என் தாளை எடுத்தார். மடித்த கோடு கிழிகிற அளவுக்குப் பழசாகியிருந்தது. "இதுல கடைசி வார்த்தைய நான் படிச்சிருந்தா இந்தக் கூத்து நடந்திருக்காது" என்று சொல்லி, அந்த இரண்டு வரியையும் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். எனக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சூப்பரின்டெண்டென்ட் பின்வரிசையிலிருந்து, "ஒற்றெல்லாம் சரியா இருக்கோன்னோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வாரமே, எங்கள் கம்பெனியின் தி.நகர் ஷோரூமுக்கும் அடையாறு சர்வீஸ் டிப்போவுக்கும் போய் அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அடையாறில்தான் பயந்தேன். பம்பு மோட்டாரைப் பிரித்துப் போட்டு வேலை செய்கிற மெக்கானிக்குகள், கையெல்லாம் கிரீஸ். என்னைச் சுற்றி ஸ்டூலிலும் டயரிலும் உட்கார்ந்துகொண்டு கேட்டார்கள். ஹப்புக்கும் ஸ்விட்ச்சுக்கும் வித்தியாசம் சொல்லி முடித்ததும், ஊரூர் குப்பத்திலிருந்து வருகிற ஒரு மெக்கானிக் கையைத் தூக்கினார்.

"மேடம், ஹப்புன்னா எங்காண்ட மீன் ஏலத்துல கூவுற மாரி. எல்லார் காதுலயும் வுழுது. ரெண்டு பேரு கூவுனா ஒண்ணும் வெளங்காது. ஸ்விட்ச்சுன்னா அந்தந்த ஆள் காதாண்ட போயி சொல்றது. அவ்ளோதானே?"

"அவ்வளவேதான்" என்றேன். என் இரண்டு வரியை விட அது நன்றாக இருந்தது. திரும்பி வந்ததும் தாளில் அதையே எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.

பேசும் மெஷின் எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. அதற்கு முந்தின நாள் எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். வீட்டில்தான் பிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன், முடியவில்லை. எல்டாம்ஸ் ரோடு பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே பிரித்தேன். டெலிபோன் மற்றும் நெட்வொர்க் பொறுப்பாளர் என்று போட்டிருந்தது. என் பஸ் வந்து, நின்று, போய்விட்டது. வீட்டுக்காரர் அன்று அந்தக் கடிதத்தை இரண்டு முறை சத்தமாகப் படித்தார், இரண்டாவது முறை மாடி வீட்டுக்கும் கேட்கிற மாதிரி. எதிர்க் கட்டடத்துத் தோழிக்குச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவளே எப்படியோ கேள்விப்பட்டுக் கூப்பிட்டு, "நம்மள்ல ஒருத்தியாவது அந்தச் சீட்ல இருக்கியே" என்றாள்.

அந்த என்ஜினியர் பெண், தங்களுடைய மற்ற வாடிக்கையாளர்களுக்கும் என் தாளைக் கொடுக்கலாமா என்று ஒருநாள் கேட்டாள். தாராளமாகக் கொடு என்றேன். அதோடு மறந்தும்விட்டேன்.

தொண்ணூற்றொன்பதில், நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க உஸ்மான் ரோடு போனோம். பெரிய கடை, கால் வைக்க இடமில்லாத கூட்டம். புடவைகளை வாங்க பார்சல் கவுன்டரில் நின்றபோது, அதற்குப் பின்னால் சுவரில் ஒரு ஸ்விட்ச் மின்னிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பழக்க தோஷம், எங்கே போனாலும் கண் அதைத் தேடும். ஸ்விட்ச்சுக்குக் கீழே செலோடேப் போட்டு ஒட்டிய ஒரு தாள். ஜெராக்ஸின் ஜெராக்ஸ், எழுத்துகள் கறுத்துத் தடித்திருந்தன. ஆனால் கோடு போட்ட நோட்டுத் தாள், என் கையெழுத்து, பன்னிரண்டு வார்த்தை.

வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் காட்டினேன். அவர் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சொல்லு, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு" என்றார்.

கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன். "அம்மா, அந்தத் தாள எழுதினது நான்தான்."

கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். திருநெல்வேலிப் பேச்சு. திரும்பித் தாளைப் பார்த்துவிட்டு, "நெசமாவாக்கா?" என்றாள். "இங்க எதாச்சும் நின்னுபோச்சுன்னா இதப் பாத்துத்தான் நாங்களே சரி பண்ணிக்கிடுவோம். இந்த மாடியில எனக்குத்தான் நல்லாத் தெரியும்." அவள் அதைச் சொன்ன விதத்தில் ஒரு நிமிர்வு இருந்தது. எனக்கு அந்த நிமிர்வு மிகவும் பிடித்தது.

பிறகு சட்டென்று நினைவு வந்தவள் போல ஸ்விட்ச்சைக் காட்டினாள். "அக்கா, இதுல பத்து, நூறுன்னு ரெண்டு லைட்டு இருக்கே. சில ஓட்டைக்குப் பத்து எரியுது, சிலதுக்கு நூறு. அது ஒங்க தாள்ல இல்லியே. என்னதுக்கா?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. வீட்டுக்காரர் பைகளை வாங்கிக்கொண்டு, "நீ சொல்லிட்டு வா, நான் வெளியில நிக்கிறேன்" என்று நகர்ந்தார். அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளைக் கவுன்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து, தாளின் அடியில் காலியாக இருந்த இடத்தில் 'பத்து, நூறு' என்று எழுதிக் கோடு போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அது லைனோட வேகம்மா" என்று ஆரம்பித்தேன். "பழைய கம்ப்யூட்டர் நிதானமாத்தான் பேசும், புதுசு பத்து மடங்கு வேகமாப் பேசும். யாரு எந்த வேகத்துல பேசறாங்கன்னு பார்த்து, அவங்கவங்களுக்கு ஏத்தபடி ஸ்விட்ச் கேட்டுக்கும்..."

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.